‘வராதீங்க’ என்றொரு படம்

இன்று காலை என் புது மடிக்கணினி என்னை அவமானப்படுத்திவிட்டது. கறுப்புத் திரையைத் திறந்து, விரல்களுக்கு மனப்பாடமாக இருந்த பழைய வரி ஒன்றை அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வந்தது. எத்தனை வருடப் பழக்கம், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது பாருங்கள்! இப்போது அந்தக் கட்டளைக்கான நிரலை மறுபடி இறக்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது நாங்கள் குடியிருக்கும் நெருளில் இந்த நேரத்துக்கு நெட் நத்தையாக ஊரும். சமையலறையில் அம்மா வடைக்கு அரைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் இலை போடுவதற்குள் இது முடிந்தாக வேண்டும். இன்று அப்பாவின் திதி.

எனக்குச் சும்மா உட்கார்ந்து காத்திருக்க வராது. அறைக்கும் பால்கனிக்குமாக நடந்து பார்த்துவிட்டேன். நகத்தையும் கடித்தாகிவிட்டது. திரையில் எவ்வளவு இறங்கியது என்று காட்டும் கோடு நகர்கிற வழியாக இல்லை. அதனால் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மிக்ஸி நின்றதும் எண்ணெய் காயும் வாசம் வந்தது. எண்ணெய் வாசம் என்றால் எனக்கு அப்பாவின் சட்டைதான். குர்லாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். கம்பெனிகளில் இருந்து காலி எண்ணெய் டிரம்கள் நசுங்கி வரும். அவற்றைத் தட்டி நிமிர்த்தி, கழுவி, நீலச் சாயம் பூசி மறுபடி விற்பார்கள். தட்டுகிற வேலை அப்பாவுக்கு. வாழ்நாள் முழுக்க இரும்புக்குப் பக்கத்தில் காதை வைத்திருந்தால் காது என்ன செய்யும், பாவம். நான் செம்பூரில் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் அவருக்கு இரண்டு காதும் சுத்தமாகப் போய்விட்டது.

தாராவியில் எங்கள் வீட்டில் அப்போது ஒரு வினோதமான ஏற்பாடு உருவானது. அப்பா எனக்கு ஃபோன் செய்வார், சொல்ல வேண்டியதைச் சொல்வார், வைத்துவிடுவார். “ஏ புள்ள, இன்னைக்கு ஓவர்டைம் உண்டு. லேட்டாத்தான் வருவேன்.” டொக். பதிலுக்கு நான் என்ன கத்தினாலும் பிரயோஜனம் இல்லை. எழுதலாம் என்றால், அவருக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். அவரிடம் இருந்த பட்டன் ஃபோனுக்குத் தெரியாத ஒரே மொழியும் அதுதான். வாட்ஸ்அப் இருந்தது, ஆனால் தமிழில் எதை அனுப்பினாலும் வரிசையாகக் கட்டங்கள் வரும். “என்ன புள்ள, ஜன்னல் ஜன்னலா அனுப்புத?” என்று கேட்டார்.

படம் மட்டும் தெரியும். அதனால் எழுத்தைப் படமாக்கினேன். ஒரு கோப்பில் தமிழில் அடித்து வைத்துவிட்டு, கறுப்புத் திரையில் எழுத்துருவின் பெயர், எழுத்தின் அளவு, படத்தின் அகலம், கோப்பின் பெயர் எல்லாவற்றையும் ஒரே வரியில் கொடுத்து என்டரைத் தட்டினால் படம் தயார். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. முதலில் வந்த படங்களில் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று போயிருந்தது. “எழுத்தெல்லாம் தண்ணியப் போட்டுட்டு நிக்கு” என்றார் அப்பா. வேறு எழுத்துரு, வேறு வழி என்று நோண்டிக்கொண்டே இருந்து கடைசியில் நிமிர்த்தினேன். வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே தொழில் என்று அம்மா கேலி செய்தாள்.

என் பக்கத்து மேசையில் ஜானகி. மாதுங்காக்காரி, பாலக்காட்டுப் பூர்வீகம். தமிழ் பேசித் தள்ளுவாள், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஒரு நாள் என் திரையைப் பார்த்து, “ஐயோ, எவ்ளோ நன்னாருக்குடி! டி-ஷர்ட்ல போட்டுக்கலாம் போலருக்கே” என்றாள். அதில் இருந்தது, ‘வரும்போது துவரம்பருப்பு அரைக் கிலோ’.

ஆனால் அப்பாவின் கூத்துக்கு முன்னால் இது ஒன்றும் இல்லை. படம் என்றால் அவரைப் பொறுத்தவரை ஃபோட்டோ. ஃபோட்டோ என்றால் கழுவிப் போட வேண்டும். சந்து முனை ஸ்டூடியோவில் மெமரி கார்டைக் கொடுத்து, நான் அனுப்பியதையெல்லாம் பளபளவென்று அச்செடுத்து ஆல்பத்தில் செருகி வைத்தார். என் மாமா கல்யாணத்தில் எல்லாரும் வரிசையாக நிற்கும் படத்துக்குப் பக்கத்தில், ‘சோறு அடுப்பில் இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க’. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “பருப்புக்கும் புளிக்கும் போட்டோ பிடிக்கிற ஒரே மனுசன் இவருதான்.” அப்பா அவள் வாயசைவைப் பார்த்துச் சிரித்தார். “எம் மவ எழுதுனது, கிடக்கட்டும்.”

அப்புறம் அந்த மழை நாள். மதியமே வானம் இருட்டிவிட்டது. அலுவலகத்தில் எல்லாரும் ஜன்னலில் நின்றார்கள். அப்போது அப்பாவின் ஃபோன் வந்தது. “டிரெய்ன் எல்லாம் நின்னுட்டு புள்ள. நான் லைன்லயே நடந்து வீட்டுக்கு வந்துருதேன்.” டொக்.

குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவில் மழைத் தண்ணீர் எப்படி நிற்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்டவாளம் தெரியாது, பக்கத்துச் சாக்கடை தெரியாது. பின்னால் ஒரு வண்டி மெல்ல ஊர்ந்து வந்தாலும் அவருக்குக் கேட்காது. பட்டறைக்கு ஃபோன் போட்டால், “வோ தோ நிகல் கயா”, அவர் கிளம்பிவிட்டார் என்றார் முதலாளி சேட். நான் அப்பாவுக்கே ஃபோன் செய்து, எடுத்தவரிடம் “போகாதீங்கப்பா” என்று அலறினேன். பழக்க தோஷம்! “ஆங், வாரேன் வாரேன்” என்று வைத்துவிட்டார்.

‘அப்பா, தண்டவாளத்தில் இறங்காதீங்க, தண்ணி நிறைய நிக்குது, ஸ்டேஷனிலேயே இருங்க, நான் வந்து கூப்பிட்டுக்கிறேன்.’ அடித்து, படமாக்கி, ஃபோனுக்கு மாற்றி அனுப்பினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஊரே ஃபோனைப் பிடித்துத் தொங்குகிற நேரம், படம் எங்கே போகும்? பாதி வாக்கியத்தை வெட்டி மறுபடி அனுப்பினேன். அதுவும் சுற்றியது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன்.

ஜானகி என் தோளைப் பிடித்தாள். “கலரை எடுத்துடு. வெறும் கறுப்பு வெள்ளை போறும். அகலத்தைப் பாதியாக்கு. ஒரே ஒரு வார்த்தைடி, நீட்டாதே.”

ஒரு வார்த்தை. அழுதுகொண்டே அடித்தேன். ‘வராதீங்க.’ நகத்தளவு படம். வட்டம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ஒரு டிக். அப்புறம் வெகு நேரம் கழித்து இரண்டாவது டிக். அதற்கப்புறமும் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியில் நான் வேண்டாத சாமி இல்லை.

ஃபோன் அடித்தது. “படம் வந்துட்டு. பிளாட்பாரத்த விட்டு எறங்குத நேரத்துல பை குலுங்கிச்சு, எடுத்துப் பாத்தேன். வரல. பாலத்துப் படியில உக்காந்துருக்கேன். நீ கத்தாத.” டொக்.

அந்த ‘வராதீங்க’வையும் அவர் அச்செடுத்தார். ஆல்பத்தில் முதல் பக்கம் அதற்குத்தான். பட்டறையில் புதிதாக வந்தவர்களிடம்கூட அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டியிருக்கிறார்.

அவர் போனது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து, வீட்டில், தூக்கத்தில். அந்தப் பட்டறை இப்போது இல்லை. ஸ்டூடியோ இருந்த இடத்தில் ஃபோன் கவர் விற்கிறார்கள். எந்த மட்டமான ஃபோனிலும் இன்று தமிழ் தெரிகிறது, கொம்பும் காலும் ஒழுங்காக நிற்கின்றன. ஜானகி எனக்குக் குரல் செய்தி மட்டும்தான் அனுப்புகிறாள்.

நேற்று ராத்திரி அம்மா ஆல்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள், முதல் பக்கத்துப் படத்தை உருவி எடுத்துவிட்டாள். “இலை போட்டு வாங்கன்னு கூப்பிடுத நாளு. இங்கன வராதீங்கன்னு ஒரு போட்டோவா? வேற எழுதிக் குடு.”

“இலை முன்னால நின்னு வாயால கூப்பிட்டாப் போதாதாம்மா?” என்றேன்.

அம்மா என்னை முறைத்தாள். “அவருக்கு எங்கட்டி கேக்கும்?”

இதோ, நிரல் இறங்கிவிட்டது. அம்மா இலை விரித்து, வடையும் பாயசமும் வைத்து, தண்ணீர் சுற்றிவிட்டு என்னைப் பார்க்கிறாள். ‘வாங்கப்பா’ என்று அடித்தேன். அகலம், அளவு, எழுத்துரு. என்டரைத் தட்டப் போனபோது அம்மா பின்னால் வந்து நின்றாள்.

“இன்னும் பெரிய எழுத்தாப் போடு. அவரு கண்ணாடி இங்கதான கிடக்கு.”

அளவை ஏற்றித் தட்டினேன். படம் வந்தது. கை தானாக ஃபோனை எடுத்துவிட்டது, அவருக்கு அனுப்ப.