உயிரை விட்டு விட்டுப் பிழைத்த கணினி

என் மேசைக் கணினிக்கு ஒரு வழக்கம் இருந்தது. நான் ஒரு வரியைத் திருத்தி, மாற்றி, ஒருவழியாகச் சரியாக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். அதைச் சேமிக்கக் கையை நகர்த்தினால் உயிரை விடும். திரை நீலமாகும், ஒரு சோக முகம் தோன்றும், ஆங்கிலத்தில் இரண்டு வரி அனுதாபம் வரும். பிறகு தானே எழுந்து உட்கார்ந்து, என்னை முன்பின் பார்த்திராததுபோல் கடவுச்சொல் கேட்கும்.

வேறு காலமாக இருந்தால் சிரித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பேன். ஆனால் இருபது சொச்சம் வருடம் உழைத்த அலுவலகம் 'மறுசீரமைப்பு' என்ற அழகான சொல்லோடு என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அதன்பின் கிடைத்த ஒரே வேலை, தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களுக்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் எழுதுவது. ஒருத்தி வாசற்படியில் நின்று 'அடிப்பாவி!' என்று அலறுவாள். அதை இரண்டு நொடிக்குள் தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி நான் ஆங்கிலப்படுத்த வேண்டும். நிறையப் படித்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. படித்ததெல்லாம் இங்கே வந்து சேரும் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

கணினி விழுந்து விழுந்து, இரண்டு அத்தியாயங்களைத் தாமதமாக அனுப்பிவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை, நிறுவனத்தில் வேலைகளைப் பிரித்துக்கொடுக்கும் பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க லா. இந்த எபிசோட் வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள வரலைன்னா பாஸ் வேற ஆள் பார்க்கச் சொல்லிட்டாங்க. எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். 'ஒரு மாதிரி இருக்கு' என்றதால் 'அனுப்பிடறேம்மா' என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மடிக்கணினி பழைய அலுவலகத்தோடு போய்விட்டது. சப்டைட்டில் மென்பொருளுக்கு இந்த ஒரு கணினியில் மட்டும்தான் உரிமம். எனவே இதைத்தான் பிழைக்க வைக்க வேண்டும். மறுபடி மென்பொருள்களை நிறுவினேன். மின்கம்பியை மாற்றினேன். கணினி தன் நோயைத் தானே எழுதிவைக்கும் பதிவைத் திறந்து பார்த்தேன். 'எதிர்பாராத விதமாக நின்றுவிட்டது' என்று எழுதியிருந்தது. எனக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டா நின்றது?

இணையத்தில் உலகெங்குமிருந்து இதே நோயாளிகள் கூடி அழும் இடமொன்றைக் கண்டுபிடித்தேன். "எனக்கும் இதே பிரச்சினை" என்று நூறு பேர் எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒருவர், "சரியாகிவிட்டது, நன்றி" என்று போட்டிருந்தார். எப்படி என்று சொல்லாமல் போன அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் மனைவிக்கு வேறு கருத்து இருந்தது. "கண்ணு பட்டிருக்கு. வீட்ல உக்காந்துகிட்டே சம்பாதிக்கிறீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தீங்கல்ல?"

"எவ்வளவு சம்பாதிக்கிறேன்னு சொன்னா கண்ணு படாது, கண்ணீர்தான் வரும்."

"பேச்சு மட்டும் நிக்காம ஓடுது," என்று கணினியைப் பார்த்துச் சொன்னாள்.

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இணையக் கம்பி வந்து சேரும் மூலைக்கு நேர் மேலே சாமி அலமாரி. எனவே கணினிக்கும் கடவுளுக்கும் ஒரே மூலை. அலமாரிக்கு அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரப் பலகையில் சிபியூ பெட்டி. எனக்கு வேலை போனதிலிருந்து, வெள்ளிக்கிழமை மட்டும் இருந்த சாம்பிராணி தினசரி ஆகியிருந்தது. கணினி விழ ஆரம்பித்ததும் காலையும் மாலையும் ஆனது. கரி மூட்டுகிற சாம்பிராணி இல்லை. கிண்ணம் கிண்ணமாக அட்டைப்பெட்டியில் வருவது. கடைகளில் 'கம்ப்யூட்டர் சாம்பிராணி' என்பார்கள். ஏனென்று கேட்டால் கடைக்காரருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை பெட்டியை மனைவியின் மார்க்கெட் தள்ளுவண்டியில் ஏற்றி, லிட்டில் இந்தியாவுக்கு ரயிலேறினேன். தள்ளுவண்டியில் இன்னும் கறிவேப்பிலை வாசம். எதிரில் நின்ற இளைஞன் என்னையும் வண்டியையும் பார்த்து முன்னுரிமை இருக்கையிலிருந்து எழுந்தான். மறுக்கலாமா என்று யோசித்தேன், யோசிக்கும்போதே உட்கார்ந்திருந்தேன்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், நகைக்கடைக்கும் சாப்பாட்டுக்கடைக்கும் இடுக்கில், பழுதுபார்க்கும் கடை. கடைக்காரர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓடவிட்டார். தலைக்கு மேலே ஏர்கான் ஐஸ்கட்டி வைத்ததுபோல் வீசியது. மறுநாள் போனபோது சிரித்துக்கொண்டே வரவேற்றார்.

"சார், நேத்துலேர்ந்து ஓடுது. ஒரு தும்மல் இல்ல. ராம் மட்டும் மாத்திட்டேன், சேஃப்டிக்கு."

"வீட்ல மட்டும் ஏன் சாகுது?"

"வீட்டு கரண்ட்ல ஏதோ இருக்கும் சார். நீங்க இருக்கற பிளாக் பழைய கட்டடமா?"

"பிளாக் புதுசுதான். நான்தான் பழசு."

அவர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. தகட்டைத் திருகிப் பெட்டியைக் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நன்றாகத்தான் ஓடியது. வியாழக்கிழமை காலை பாதி அத்தியாயத்தை முடித்தேன். பகல் வெயில் ஏற ஏற, பெட்டிக்குள் மின்விசிறி புலம்பத் தொடங்கியது. இரண்டு மணிக்கு முதல் மரணம். நான்கு மணிக்குள் எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை சேமித்து, ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒருமுறை மூச்சைப் பிடித்து, கண்ணைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு ஆள் எப்படி இருப்பார் என்று யோசித்தேன். நிச்சயம் இளைஞர். 'அடிப்பாவி'யை ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மனைவி சாம்பிராணியோடு வந்தாள். "இன்னிக்கு இதுக்கே நேரா காட்டிடறேன். நகருங்க," என்று குனிந்து, புகையும் தட்டைப் பெட்டியின் முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை. அதனால்தான் கவனித்தேனோ என்னவோ. புகை மேலே போக வேண்டும் அல்லவா? போகவில்லை. தட்டிலிருந்து எழுந்து, ஒரு முழம்கூட ஏறாமல் வளைந்து, நூல் பிடித்ததுபோல் பெட்டியின் முன்பக்கத் துளைகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. சிகரெட்டை ஆழமாக இழுக்கும் ஆளைப்போல் பெட்டி அதை இழுத்துக்கொண்டிருந்தது.

"அப்படியே பிடி," என்றேன்.

"பக்தி வந்துடுச்சா?"

மின்சாரத்தை அணைத்து, தகட்டைக் கழற்றி, கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தம். ஆனால் நடுவில், மின்விசிறிக்கு அடியில், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளின் இடுக்கெல்லாம் பிசின்போலக் கறுப்பாக அடைத்திருந்தது. முன்பக்க வலையில், ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டுகள் காய்ந்து, துளைகளில் பாதியை மூடியிருந்தன. பாவம், மூச்சு விட வழியில்லாமல் மயங்கி விழுந்திருக்கிறது. கடையில் ஏர்கானுக்கு அடியில், மார்பைத் திறந்து வைத்த நிலையில் நன்றாக இருந்ததும் அதனால்தான்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? என் வேலை நிலைக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் வேண்டிக்கொண்டவள் அவள். விரலால் தகட்டைத் தொட்டு, கறுப்பை அவளிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்தாள். சொல்லத் தேவை இருக்கவில்லை.

"அப்ப இத்தனை நாளா உங்க வேலைக்கு நான்தான் உலை வச்சேனா?"

"பெட்டிய இங்க கொண்டு வந்து வச்சது நான்தான்."

"சமாதானம் சொல்றீங்களாக்கும்." சாம்பிராணித் தட்டை மேலே அலமாரியில் வைத்தாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "நகருங்க. விளக்குக் கரி எடுக்கறது எனக்குப் புதுசா என்ன? புளி கொண்டு வாங்க."

"புளியா! ஐயோ, வேண்டாம்மா."

"சும்மா சொன்னேன். பயந்த மூஞ்சியப் பாரு."

தொற்றுக் காலத்தில் வாங்கி மிஞ்சிய ஸ்பிரிட், பழைய பல்துலக்கி, பஞ்சு. நான் வெளிச்சம் பிடித்தேன், அவள் தேய்த்தாள். "மேல தூக்கிப் பிடிங்க," "இது சூடு ஆறிடுச்சா," "ஒரு பொட்டு மட்டும் இருக்கட்டும்" என்பவை தவிரப் பேச்சில்லை. அந்த ஒரு பொட்டை இரும்புத் தகட்டின் மேல், துளையில்லாத இடத்தில், புதிதாக வைத்தாள். "சாமி நகர மாட்டார். பெட்டிய நகர்த்துங்க," என்றாள். சாப்பாட்டு மேசையருகே கொண்டுபோய், இணையக் கம்பியைக் கூடத்தின் குறுக்கே இழுத்தோம். இருவரும் அதில் ஒருமுறை தடுக்கினோம்.

வெள்ளிக்கிழமை காலை கணினி விழவில்லை. நம்பிக்கை வரவில்லை எனக்கு. ஒவ்வொரு வரிக்கும் சேமித்துக்கொண்டேதான் இருந்தேன். பதினொன்றரைக்கு அனுப்பினேன். கழுத்து, முதுகு, கண் எல்லாம் தனித்தனியாக வலித்தன.

சற்று நேரத்தில் அந்தப் பெண்ணின் பதில் வந்தது. கிடைத்துவிட்டதாம், பாஸ் ஓகே சொல்லிவிட்டாராம். அடுத்த வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் முடியுமா, அங்கிள்?

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னாச்சு? வேலை இருக்கா, போச்சா?"

"இருக்கு. இனிமே ரெண்டு மடங்கா."

"நல்லதுதானே. அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

சந்தோஷமாகத்தான் இருந்தேன். அந்தச் செய்தி முகத்துக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.