உத்தமபாளையம் மெஸ்ஸில் நான் எழுந்து போகவில்லை

2008 டிசம்பர், அரையாண்டு விடுமுறை. சுருளி அருவிக்குத் தனியாகக் கிளம்பினேன். எனக்கு ஆஸ்துமா. "உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்?" என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டார்கள். கிளம்பியதற்கு அதுவே காரணம்.

மதுரையிலிருந்து தேனிக்கு இரண்டு மணி நேரம். அங்கே கம்பம் பஸ் மாறினால் முப்பது கிலோமீட்டரில் உத்தமபாளையம். பசித்ததால் இறங்கி, ஜொகரா அக்கா நடத்தும் மெஸ்ஸுக்குள் நுழைந்தேன். (கோழிக் குழம்போடு சாப்பாடு முப்பத்தைந்து ரூபாய். கேட்டால் மறுசோறு உண்டு.)

பொது இடங்களில் புகைக்கக் கூடாதென்ற விதி அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அடுத்த மேசைக்காரர் சாப்பிட்டு முடித்து, உட்கார்ந்த இடத்திலேயே சிகரெட் பற்றவைத்தார். எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பரிமாறிய செல்வி நிறைமாதக் கர்ப்பிணி. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் ரசம் ஊற்றினாள்.

"அதை அணைச்சிடுங்க சார்," என்றேன்.

"ஒத்துக்கலைன்னா வெளிய போயி நில்லுங்க."

"வெளிய போக வேண்டியது நீங்கதான். சட்டம் அப்படித்தான் சொல்லுது."

இருமல் நிற்கவில்லை. ஆனாலும் எழவில்லை. இன்ஹேலரை எடுத்து இழுத்துவிட்டு அவரையே பார்த்தேன்.

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். "என்னக்கா, எங்க வீட்டுக் கல்யாணச் சாப்பாடு உங்ககிட்டதான சொல்லியிருக்கு? இந்தம்மாவ முதல்ல அனுப்புங்க."

ஜொகரா அக்கா கையைத் துடைத்தபடி வந்தார். "அவுக சாப்பிட வந்தாக, சாப்பிட்டுத்தான் போவாக. இந்தப் புள்ள நாள் பூரா இங்கனதான் நின்னு சோறு போடுது. நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன். கல்யாணச் சோத்த வேற எங்கனயாவது சொல்லிக்கங்க தம்பி."

அவர் சிகரெட்டை எச்சில் இலையில் நசுக்கிவிட்டு வெளியேறினார்.

"இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தவாக்கா?" என்றாள் செல்வி. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

கம்பத்திலிருந்து சுருளி பத்து கிலோமீட்டர். ஆட்டோ கிடைக்கும். அருவிக்குப் போகும் பாதையில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். அருவியில் ஆசைதீர நனைந்தேன். மாலையில் திரும்பும்போது மெஸ்ஸுக்குப் போனேன். கல்யாண ஆர்டர் நிஜமாகவே கைவிட்டுப் போயிருந்தது.

"போனாப் போகுது. இனி எவன் பத்தவச்சாலும் இதே பேச்சுதான்," என்றார் அக்கா.

என்னைப் போல நெஞ்சுக் கோளாறு உள்ளவர்கள் சுருளிக்குத் தயங்காமல் போங்கள். மருந்தைக் கைப்பையிலேயே வையுங்கள். பக்கத்து மேசையில் யாராவது பற்றவைத்தால் வாய்விட்டுக் கேளுங்கள். இருமிக்கொண்டே கேட்டாலும் சரி. இடம் மாறி உட்காராதீர்கள். நிதானமாக, மோர்ச் சோறுவரை சாப்பிட்டுவிட்டு எழுந்திருங்கள்.