கிழக்கே நிற்கிறவர் திரும்பினார்

அந்த ஊரில் டிரைவர் லைசென்ஸ் எடுக்கப் போனால் முதல் கேள்வி வண்டியைப் பற்றி இருக்காது. வெட்டவெளி மைதானத்தில் நிற்க வைத்து, "ஆபீஸ் எந்தப் பக்கம்?" என்று பேச்சுவாக்கில் கேட்பார்கள். தாடையை அசைத்துக் காட்டினால் பாஸ். முழங்கையால் காட்டினாலும் பாஸ். விரலை நீட்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அப்புறம் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிக் காட்டினாலும் லைசென்ஸ் கிடையாது. நம்ம டிரைவர் அந்தக் கேள்விக்குத் தாடையைக்கூட அசைக்காமல், "உங்களுக்குப் பின்னாடிதான் சார்" என்று சொன்னவர். அப்பேர்ப்பட்ட ஜாக்கிரதைக்காரர். அவருக்கு இப்படி ஆகும் என்று யாராவது சொல்லியிருந்தால் டிப்போவே சிரித்திருக்கும்.

விஷயம் இதுதான். ஊரைச் சுற்றி, தலை மேகத்துக்கு மேலே போகிற உயரத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். எப்போது வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஊர் வருவதற்கு முன்பே நின்றிருக்கிறார்கள். மேற்கே நிற்கிறவர் சூரியனை இழுக்கிறார். மத்தியானம் அவர் கை மாற்றும்போது கொஞ்ச நேரம் ஊரே மங்கிவிடும். அந்த நேரத்தில் ஹெட்லைட் போட்டு ஓட்ட வேண்டும் என்று பஸ் டைம்டேபிளிலேயே அச்சடித்திருக்கிறது. தெற்கே நிற்கிறவர் கடலைக் கிளறிக்கொண்டே இருக்கிறார். கிழக்கே நிற்கிறவருக்கு என்ன வேலை என்று மட்டும் இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கிறார். "நம்ம டிப்போ மேனேஜர் மாதிரி" என்பார் கண்டக்டர். இந்தக் கண்டக்டரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள், வாயாலேயே விசில் அடித்து வண்டியை நிறுத்துகிற ஆள்.

கிழக்கே நிற்கிறவருக்கு நம் மேல் கோபமும் கிடையாது, பிரியமும் கிடையாது. ஆனால் வெட்டவெளியில் ஒரு உயிரைப் பார்த்து யாராவது விரலை நீட்டினால், யாரோ தோளைத் தட்டிக் கூப்பிட்ட மாதிரி அவர் திரும்ப ஆரம்பித்துவிடுவார். திரும்பி முடித்ததும், விரல் யாரை நோக்கி நீண்டதோ அந்த ஆளைப் பார்ப்பார். அந்த ஆள் மேல் வெளிச்சம் விழும். வெளிச்சம் விலகும்போது ஆள் இருக்க மாட்டார், செருப்பு மட்டும் கிடக்கும். துறைமுகத்தில் ஒரு பெண்ணுக்கு அப்படி ஆயிற்று. சுரங்கத்துக்குள் போய் ஒளிந்துகொண்ட ஒருவரைத் தேடிக்கொண்டு வெளிச்சம் மண்ணுக்குள்ளேயே இறங்கியது. எங்கே போகிறார்கள், என்ன ஆகிறார்கள் என்று கேட்டால் படித்தவர்களும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

கூரைக்கு அடியில் நீட்டிய விரல் அவரை எட்டாது. அதனால் பஸ்ஸுக்குள் எல்லோரும் தாராளமாகக் கை நீட்டுவார்கள். நம்ம டிரைவர் இருக்கிறாரே, இறங்கி நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நடக்கிற மனிதர், சீட்டில் உட்கார்ந்துவிட்டால் அதற்கெல்லாம் சேர்த்து வைத்து விரலை ஆட்டுவார். "அந்தக் கறுப்புச் சட்டையைத் தள்ளி நிக்கச் சொல்லு, அந்தக் குடைக்காரம்மாவுக்கு இடம் விடச் சொல்லு" என்று ஆளுக்கு ஆள் விரலாலேயே கட்டளை போடுவார். பிரச்சினை அங்கேதான் முளைத்தது.

மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயசுகூட ஆகவில்லை. மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. அன்றைக்குப் பார்த்து அவளுக்கு இரண்டு ஷிஃப்டும் சேர்ந்து வந்ததால், பாப்பாவைத் தன்னோடு அழைத்துப்போய் என்ஜின் மூடி மேல் உட்கார வைத்திருந்தார். கடைசி ஸ்டாப்பில் ஜனம் இறங்குகிற நெரிசலில் அதுவும் இறங்கிப் போய்விட்டது. அவர் திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். அந்த நேரம் சுமை தூக்குகிற ஒருவர் பாப்பாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, இது யார் வீட்டுக் குழந்தை என்று கத்தினார். டிரைவர் சீட்டிலிருந்து தாவினார். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில், உடம்பு முழுக்கக் கூரைக்கு வெளியே. மனசு மட்டும் இன்னும் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

"அதோ, என் பொண்ணு" என்று விரலை நீட்டிவிட்டார்.

கூட்டம் அப்படியே விலகியது. விசில் ஓடிவந்து அவர் விரலைப் பிடித்து மடக்கினார். மடக்கி என்ன பிரயோஜனம்? கிழக்கே, மேகத்துக்கு மேலே, மலை மாதிரி இருந்த அந்தத் தோள் இலேசாக அசைந்தது. அங்கே தங்கியிருந்த பறவையெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பின.

பாப்பாவைத் தூக்கிய மனிதருக்குத் தூக்கம் போயிற்று. விரல் என்னைக் காட்டியதா, குழந்தையைக் காட்டியதா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார். இந்த விரல் விவகாரங்களைக் கவனிக்கிற சர்க்கார் பார்வைத் துறையிலிருந்து ஆட்கள் வந்து, டிரைவரை அதே படியில் நிறுத்தி, விரல் நுனியிலிருந்து நூல் பிடித்துப் பார்த்தார்கள். விரலைப் பலகை மறைப்புக்குள் வைத்துத்தான். நூல் அந்த மனிதரின் தலைக்கு மேலே போயிற்று. குழந்தைதான் என்று முடிவு சொன்னார்கள். தூக்கிய மனிதர் அங்கேயே உட்கார்ந்து அழுதார், சந்தோஷம்தான். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? நம்ம டிரைவரே சொல்லவில்லை.

ஒரு தலை திரும்ப வருஷக்கணக்கு ஆகும். அது நமக்கு. அவருக்கு, யாரது என்று திரும்பிப் பார்க்கிற நேரம், அவ்வளவுதான். டிரைவரின் ரூட் நேர் கிழக்கே போவது. போகும்போதெல்லாம் கண்ணாடி நிறைய அவர்தான். முதலில் பிடரி மட்டும் தெரிந்தது. பாப்பா கூட்டல் கழித்தல் படிக்கிற காலத்தில் காதின் ஓரம் வந்தது. தாங்க முடியாமல் வேறு ரூட் கேட்டு வாங்கினார். அதில் ஒரு வாரம்கூட ஓட்ட முடியவில்லை, எவ்வளவு திரும்பியிருக்கிறாரோ என்று மண்டை காய்ந்துபோய்ப் பழைய ரூட்டையே திரும்பக் கேட்டார். மேனேஜர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அவரும் பிள்ளை பெற்றவர்.

மனைவி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் தானாக ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். பாப்பா கிழக்கே நிற்கிறவரைப் பார்க்காதவரை அவரால் பாப்பாவைப் பார்க்க முடியாது, கண்ணும் கண்ணும் சந்தித்தால்தான் ஆள் போகும் என்பது அவள் கணக்கு. டயர் கடைக்கு மேலே இருந்த அவர்கள் இரண்டு அறை வீட்டில் கிழக்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தாள். பள்ளிக்கூடத்தில் போய் மல்லுக்கட்டி, பாப்பாவின் பெஞ்சை மேற்கே திருப்பிப் போட வைத்தாள். தெருவில் இறங்கினால் பாப்பா குனிந்த தலை நிமிரக் கூடாது. அந்தப் பெண்ணுக்குத் தெருவில் இருக்கிற அத்தனை பேரையும் செருப்பை வைத்தே அடையாளம் தெரியும். முகத்தைப் பார்த்தால்தான் யாரென்று யோசிக்கும்.

பார்வைத் துறைக்கு டிரைவர் எத்தனையோ தடவை நடையாய் நடந்தார். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். பிள்ளையை அந்தப் பக்கம் பார்க்க விடாமல் வைத்திருந்தாலும் ஒன்றுதான், பார்க்க விட்டாலும் ஒன்றுதான், இதுவரை போனவர்களில் பிறவியிலேயே கண் தெரியாதவரும் இருந்தார் என்று, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னார். டிரைவர் அதை நம்பினார். ஆனால் வீட்டுக்கு வந்து மனைவியிடம் மூச்சு விடவில்லை. அடுத்த வாரம் அவள் சமையலறை வென்டிலேட்டரையும் அடைக்கச் சொன்னபோது சிமெண்டு குழைத்துக் கொடுத்தார். வேறு என்ன செய்ய முடியும் அவரால்?

ஒரே ஒரு தடவை வேறொன்று செய்யப் பார்த்தார். இன்னொரு ஆளைக் காட்டினால் முந்தின ஆளைக் கிழக்கே நிற்கிறவர் மறந்துவிடுவார் என்று டிப்போவில் ஒரு பேச்சு இருந்தது. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். எதிரே நடைபாதையில் ஒரு குடிகாரன், கேட்பார் யாரும் இல்லாதவன், சுருண்டு கிடந்தான். டிரைவரின் கை பாக்கெட்டுக்குள் இருந்தது. விரல் நீண்டுவிட்டது, கையை வெளியே எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அவன் கண்ணைத் திறந்து, ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டான். இவர் தாடையால் காட்டினார். பிறகு வண்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். அன்றைக்குப் பூராவும் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவே பயந்தார்.

பாப்பா சாயங்காலம் அவர் வந்ததும் கேட்கும். "இன்னைக்கு எப்படி இருக்காருப்பா?"

காது ஓரம்தாம்மா தெரியுது என்பார். கன்னம் வந்தபோதும் அதையேதான் சொன்னார். மூக்கின் நுனி வந்தபோதும் அதேதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய் சும்மா இருக்குமா? எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டாள், அவரும் அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தேதான் சொன்னார். போகப்போக அவள் கேள்விகள் வேறு மாதிரி ஆயின. அவருக்குப் புருவம் உண்டா, வயசானவரா, தோல் நம் தோல் மாதிரியா, சிரிக்கிற முகமா என்று கேட்டாள். ஊரில் நேற்றுப் பிறந்ததெல்லாம் அண்ணாந்து பார்த்துச் சலித்துப்போன முகம். அவள் ஒருத்தி மட்டும்தான் அதைப் பார்த்ததில்லை. நமக்கெதற்கும்மா அதெல்லாம் என்று சொல்லிவிட்டு டிரைவர் முகம் கழுவப் போய்விடுவார்.

கண் வந்த நாள் ஒரு சாதாரண வேலை நாள். அவள் அப்போது மேல்படிப்புக்குப் பணம் கட்டியிருந்தாள். முந்தின நாளே பார்வைத் துறை வேன் தெருவில் வந்து, இன்ன கட்டடத்திலிருந்து தள்ளி இருங்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனது. டயர் கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். பக்கத்து வீட்டம்மா வாசல்வரை வந்தாள், பாப்பாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். விசில் மட்டும் பஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்து கீழே நிறுத்தினார். "அண்ணே, ஏறுங்க. போற வரைக்கும் போவோம்" என்றார். எங்கே போவது? டிரைவர் அவர் தோளைப் பிடித்தார். பிறகு, நீ தள்ளிப் போய் நில்லுப்பா, உனக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்று பேரும் உள் அறையில் தரையில் உட்கார்ந்தார்கள். மனைவி பாப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தன் முகத்தை அவள் முதுகில் புதைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். டிரைவர் எதிரே உட்கார்ந்து, இரண்டு கையாலும் பாப்பாவின் கண்ணைப் பொத்தினார். அது மனைவி கொடுத்த வேலை. என்ன ஆனாலும் கையை எடுக்கக் கூடாது என்று காலையிலிருந்து நூறு தடவை சொல்லியிருந்தாள்.

முதலில் கூரை வெளுத்தது. அடைத்திருந்த செங்கல் கண்ணாடி மாதிரி ஆயிற்று. சூடு இல்லை, சத்தம் இல்லை. வெளிச்சம் அவர்கள் மூவர் மேலும் விழுந்தது, ஆனால் பாப்பா மேல் விழுந்தது மட்டும் வேறாக இருந்தது. டிரைவருக்குத் தன் விரல்களுக்குள் இருக்கிற எலும்பு தெரிந்தது. எலும்புக்கும் பின்னால் அவள் கண் மூடியிருப்பது தெரிந்தது. கை மறைக்கவே இல்லை. கை அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

"அப்பா, கையை எடுங்க" என்றாள் பாப்பா.

"எடுக்காதீங்க" என்றாள் மனைவி.

"எப்படியும் ஆயிடுச்சுப்பா. நான் ஒரு தடவை பார்த்துக்கிறேன்."

"எடுக்காதீங்க. சொல்றேன்ல, எடுக்காதீங்க."

அதிகாரி சொன்னது அவருக்கு நினைவு இருந்தது. எடுத்தாலும் ஒன்றுதான், எடுக்காவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் அதை மனைவியிடம் சொல்வதற்கு அத்தனை வருஷம் இருந்தது, அவர் சொல்லவில்லை. இப்போது சொல்ல நேரம் இல்லை. பாப்பாவின் இமை அவர் உள்ளங்கையில் இரண்டு தடவை அடித்தது. திறக்கப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. வாழ்நாளில் அந்தப் பெண் அவரிடம் கேட்டு அவர் கொடுக்காதது ஒன்றே ஒன்றுதான்.

கையை எடுத்தார்.

அவள் தலையைத் தூக்கினாள். குனிந்தே வளர்ந்த கழுத்து, நிமிர்வதற்குச் சிரமப்பட்டது. மேலே பார்த்தாள். டிரைவர் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பயம் இல்லை. ஏதோ கேட்க நினைத்த மாதிரி அவள் வாய் திறந்தது. கேள்வி இவருக்கு இல்லை.

வெளிச்சம் விலகியது. கூரை மறுபடி கூரை ஆயிற்று. மனைவியின் கை இரண்டும் ஒன்றையும் கட்டிக்கொள்ளாமல் வட்டமாக நின்றன. அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"எடுத்துட்டீங்களா?" என்றாள்.

"எடுத்துட்டேன்" என்றார்.