மேனேஜர் சட்டையில் ஒட்டிய அம்புக்குறி

போன வாரம் நாற்பது பேர் முன்னால் எங்கள் கம்பெனி மேனேஜர் என்னைக் கேட்டார்: "பதினோரு வருசமா செக்கிங் டேபிள்ல நிக்கறீங்க, செக்குன்னா என்ன அர்த்தம்னாவது தெரியுங்களா?"

ஒரு பனியனில் விட்டுப்போன தையலை நான் கவனிக்கவில்லை. தப்புதான். ஆனால் அந்த எகத்தாளத்தை மறப்பேனா? அன்றே போனில் தேடிப் படித்துவிட்டேன்.

இன்று, சரக்கு வாங்கும் பையர் கம்பெனி அனுப்பிய மேடத்தோடு மேனேஜர் வந்தார். கட்டம் போட்ட சட்டை.

"சார், அன்னைக்குக் கேட்டதுக்குப் பதில் சொல்லட்டுங்களா? பாரசீகத்துல ராஜாவுக்கு இருந்த ஷாங்கற பேருலருந்து வந்ததுங்க. செஸ்ஸுல ராஜா மாட்டுனா செக்குங்க. அந்தப் பலகையாட்டம் கட்டம் போட்ட உங்க சட்டையும் செக்குங்க. எங்க வேலையும் அதே செக்குதானுங்க."

சொல்லிக்கொண்டே, பழுதைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை அவர் பாக்கெட்டில் ஒட்டினேன். "பாக்கெட் கட்டம் சட்டைக் கட்டத்தோட சேரலீங்க. ரிஜெக்ட்டுங்க."

மேடம் குனிந்து பார்த்துவிட்டு, "கரெக்ட்தான்" என்றார்.

மேனேஜர் அதைப் பிய்த்தெறிந்துவிட்டுத் திரும்பினார். முதுகில் இன்னொன்று ஒட்டினேன். டேபிளில் எல்லோரும் பார்த்தார்கள். மாலை வரை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

அவர் ஊட்டுக்காரம்மா என் ஃபேஸ்புக் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் இருக்கிறார். அக்கா, சட்டையைத் துவைக்கப் போடறதுக்கு முன்னாடி பின்பக்கத்தையும் ஒருக்கா செக் பண்ணிக்குங்க.