கல்லில் விட்டுப்போன சுழி

சவரி, ஜெனி, இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கே போகிறேன் என்று சொல்லாமல் கிளம்பினேன். இப்போது சொல்கிறேன்.

போன வாரம் போனில் ஒரு கல்லறைப் படம் வந்ததே, ஞாபகம் இருக்கும். கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போன உறவுக்காரர் அனுப்பியது. அது என் தாத்தா சவரிமுத்துவின் கல். சவரிதான் எழுத்துக்கூட்டி வாசித்தான்: "கொலகாரர் மகன் சவரிமுத்து." வாசித்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று. அவர் பேரைத்தானே அவனுக்கு வைத்திருக்கிறோம். "பள்ளிக்கூடத்துல என் பேரை மாத்துங்கப்பா" என்றான். என் அப்பா இருந்தவரை சொந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அதையும் இதையும் சேர்த்துப் பார்த்து நானும் பயந்துவிட்டேன்.

காலை 7.20. கோவில்பட்டியில் விளாத்திகுளம் பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். தீப்பெட்டி ஆபீசுக்குப் போட்டுப் போகிற சட்டைதான். பண்டலில் குறி போடுகிற சாக்பீஸ் பையிலேயே கிடந்தது. எட்டயபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் காடு. நாலு நாள் முன்னால் பெய்த மழையில் மண் கறுத்து மினுங்கியது. உளுந்து முழங்கால் உயரம் நின்றது.

9.10. விளாத்திகுளத்தில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். பிறகு நாகலாபுரம் பஸ். கண்டக்டர் பேச்சுக்கார மனிதர்.

"யாரைப் பாக்கப் போறீய அண்ணாச்சி?"

"எங்க தாத்தாவ."

"போன் போட்டீயளா? ஆளு வீட்டுல இருப்பாவளா?"

"எங்கேயும் போகமாட்டாவ" என்றேன்.

10.30. நாகலாபுரத்தில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. பாதி வழியிலேயே கரிசல் மண் செருப்பில் அப்பி அப்பி நான் அரையடி வளர்ந்துவிட்டேன். கல்லறைத் தோட்டத்தின் கேட் பூட்டியிருந்தது. பக்கத்துப் புஞ்சையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஞானம்மாவிடம் சாவி இருந்தது. ஐம்பது வயதிருக்கும்.

"எந்த வீட்டு ஆளுய்யா நீங்க?"

"சவரிமுத்து பேரன்." சொன்ன குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அந்த அம்மா புஞ்சைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏட்டி ரோசம்மா! ஓடி வா! கொலகாரர் வீட்டுப் பேரன் வந்திருக்காவ!" என்றுதான் காற்றில் என் காதில் விழுந்தது.

களைக்கொத்தியோடு ஒரு பெண் ஓடி வந்தாள். நான் ஓடலாம் என்றால் செருப்பு விடாது. வந்தவள் சிரித்தாள், தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். கொலைகாரர் வீட்டு ஆளுக்கு இப்படியா தண்ணீர் தருவார்கள்? பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்:

"எங்க தாத்தாவோட அப்பா யாரைக் கொன்னாவ?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் ரோசம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொலகாரர் இல்லய்யா, கோல்காரர்! நிலம் அளக்கிற கோலு. வரப்புச் சண்டைன்னா கோலத் தூக்கிட்டு அளந்து குடுக்க வருவாவளாம். எங்க மாமனார் சொல்லுவாவ. கொலை நடக்காம பாத்த மனுசனப் போயி…"

நான் நம்பவில்லை. நம்ப ஆசை இருந்ததால்தான் நம்பப் பயமாக இருந்தது. ஞானம்மா கேட்டைத் திறந்து கல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இப்படி வெட்டியிருந்தது:

"கொலகாரர மகன சவரிமுதது தெவ சமுகம செனறார."

"கடைசியில என்ன எழுதியிருக்கு? வாசிங்க" என்றார்.

"தேவ சமுகம் சென்றார்."

"புள்ளி எங்கன இருக்கு? 'தே'க்கு ரெட்டைச் சுழி எங்கன இருக்கு?"

கல் முழுக்கத் தேடினேன். ஒரு புள்ளி இல்லை, ஒரு ரெட்டைச் சுழி இல்லை. கல் வெட்டியவர் எதையுமே போடவில்லை.

"தேவனுக்கு மட்டும் சுழி போட்டு வாசிக்கீய, உங்க ஆளுக்குப் போட மாட்டீயளோ?"

சிரித்துவிட்டேன். மார்பில் ஒரு வாரமாக இருந்த கல் இறங்கிவிட்டது.

பிறகு ரோசம்மா பக்கத்து மாதா கோயில் வாசல்படியைக் காட்டினாள். அதில் நீளமாக ஒரு கோடு, இரு முனையிலும் ஒரு வெட்டு. கோல் ஒடிந்தால் புதிய கோலை அந்தக் கோட்டில் வைத்துத்தான் நறுக்குவார்களாம். நான் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன், எட்டவில்லை.

என் அப்பா ஏன் வரவே இல்லை என்றும் கேட்டேன். "மழை பொய்ச்சுப் போச்சு, புஞ்சைய வித்துட்டுப் போனாவ. ஊரு காட்டையெல்லாம் அளந்து குடுத்த வீட்டுக்கு ஒரு கோலு நிலமில்ல. வெக்கம், வேற என்ன?" என்றார் ஞானம்மா. அந்த வெட்கத்தால் ஐம்பது கிலோமீட்டர் வர எனக்கு நாற்பத்தாறு வயது ஆகிவிட்டது.

சவரி, உன் பேர் அப்படியே இருக்கட்டும்.

ஒரு மணிக்கு அவர்கள் களை எடுக்கப் போய்விட்டார்கள். நான் திரும்பக் கல்லறைக்குப் போனேன். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, 'கொ'வின் கொம்பில் இன்னொரு சுழி போட்டேன். 'ல'வுக்கு மேலே ஒரு புள்ளி வைத்தேன். அடுத்த மழை வரைக்கும் இருக்கும். 'தெவ'வைத் தொடவில்லை. அதை எல்லோரும் சரியாகத்தான் வாசிக்கிறார்கள்.