பச்சை விளக்கு டிஸ்கை இழுத்தவள்

இன்று பள்ளி லேபில் சர்வரின் கெட்டுப்போன டிஸ்கை மாற்ற வேண்டியிருந்தது. ஒரே தகவல் இரண்டு டிஸ்குகளில் இருக்கும். ஒன்று கெட்டால், சர்வரை அணைக்காமலே அதை மட்டும் கழற்றிவிடலாம். கையேட்டை முழுவதும் படித்திருந்தேன். நான்தான் மாற்றுவதாக ஏற்பாடு.

டீச்சர் வருவதற்குள் என் தோழி ஷீபாவுக்கு விளக்கினேன். "ஆரஞ்சு விளக்கு எரியுதுல்லா, அதாக்கும் கெட்டது. தொடாத கேட்டியா."

"போ மக்கா, பச்சைதான் கிடந்து மின்னுது. மின்னுறதுக்குத்தான் கேடு உண்டு," என்று சொல்லி நல்ல டிஸ்கை இழுத்துவிட்டாள்.

வேலை செய்கிற டிஸ்க்தான் மின்னும்! லேபில் எல்லாத் திரைகளும் உறைந்து நின்றன.

டீச்சர் ஓடி வந்தார். "ஆரு இழுத்தது?"

"நான்தான் டீச்சர். இவ சொல்லித்தந்தபடி இழுத்தேன்."

நான் கையேட்டில் விளக்குப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் அதைத் திரும்பச் செருகிப் பாடுபட்டு சர்வரை எழுப்பினார். பிறகு என்னிடம், "அவ உள்ளதச் சொன்னாள்லா, அவளே மாத்தட்டு. நீ வெளிய நில்லு," என்றார்.

எதைக் கழற்றுவது என்று தெரியாமல் ஷீபா வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். ஆரஞ்சு விளக்கைக் கை காட்டினேன். சர்வர் என்ன பாவம் செய்தது?

சாயங்காலம் பாறசாலை பஸ்ஸில் இடம் பிடித்துவைத்து, "வா மக்கா, இரி," என்று கூப்பிட்டாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தேன்.

ஆனால் பையை மட்டும் அவள் மடியில் கொடுத்துவிட்டேன். உள்ளே கையேடு இருந்தது, நல்ல கனம்.

இதைக் கோபம் என்று சொல்லலாமா? நீங்களே சொல்லுங்கள்.