கங்காணிக்குள் குடியிருந்த அட்டை

ஐம்பதுகளில் போடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸராகச் சேர்ந்தேன். முதல் நாள், முதல் கேஸ், ஏலத்தோட்டக் கங்காணி ஒருவர். போடிமெட்டிலிருந்து அத்தனை வளைவுக்கும் ஜீப்பில் நின்றபடியே இறங்கி வந்திருந்தார். பெஞ்சைக் காட்டினேன். பாம்பைக் கண்டவர்போல் ஒதுங்கினார்.

"அட்டை கடிச்சிருச்சு டாக்டரய்யா. உள்ள போயிக் குடியிருக்கு. வேட்டியெல்லாம் ரத்தம்."

"எத்தன நாளா?" என்று உள்ளேயிருந்து வந்த டாக்டர் கேட்டார்.

"ஆறு மாசமா."

ஏலக்காட்டில் ரத்தம் என்றால் அட்டைதான். வேறு எதையும் யாரும் யோசிக்க மாட்டார்கள். வைத்தியமும் அட்டைக்கு உண்டானதே.

"என்ன போட்டீங்க?" என்றார் டாக்டர்.

"போயிலையும் சுண்ணாம்பும்."

கேட்ட எனக்கே எரிந்தது. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். பிறகு சோதித்துவிட்டுச் சொன்னார்: "அட்டை இல்ல, மூலம். சின்னதா இருந்தா ஊசியிலயே சுருங்க வச்சிரலாம். இது வெளிய தள்ளி நிக்குது. நூல் போட்டுக் கட்டி, அறுத்துத்தான் எடுக்கணும்."

கங்காணி அழுதேவிட்டார். "அடுத்த மாசம் மக கல்யாணம்யா. மணையில உக்காந்து தாரை வாக்கணும். நின்னுக்கிட்டே வாத்தா தேவாரம் ஊருச் சம்பந்தி என்ன நெனப்பாரு?"

"உக்காரத்தான் ஆபரேசனே."

முதுகில் மயக்க ஊசி போட்டதும், "ஐயோ, காலைக் காணோம்!" என்று கத்தினார். தூக்கிக் காட்டினேன். "இது யாரு காலு?" என்றார்.

ஆபரேஷன் முடிந்தது. தினம் மூன்று வேளை இளஞ்சூட்டுத் தண்ணீர்த் தொட்டியில் அவரை உட்காரவைப்பது என் வேலை. அவர் என்னைத் திட்டியதில் பாதி மலையாளம். அதனால் பாதிதான் உறைத்தது.

வீட்டுக்குப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, மலையில எல்லார்ட்டயும் அட்டைன்னுதான் சொல்லிருக்கேன். காட்டிக் குடுத்துராதப்பு."

கல்யாணத்துக்குப் போனேன். சம்மணம் போட்டு ஜம்மென்று உட்கார்ந்து தாரை வார்த்தார். பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாலி கட்டி முடிந்தும் மனிதர் எழுந்திருக்கவில்லை.

"நிம்மதியா உக்காந்து எத்தன மாசமாச்சு தம்பி, கொஞ்சம் இருந்துக்கிறேன்."

சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் சம்பந்தி என்னை ஓரமாக இழுத்தார். பந்தியில் அவர் நின்றுகொண்டே சாப்பிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"தம்பி, எனக்கும் அந்த அட்டை ஒரு வருசமா இருக்கு. வெரசா ஒரு நாள் சொல்லுங்க."

வெயில் காய்கிற தேவாரத்தில் அட்டையே கிடையாது. "நாளைக்கே வாங்கய்யா" என்றேன்.

அன்று கற்றதை ரிட்டயர் ஆகும்வரை விடவில்லை. மூலமா என்று கேட்டால் வாசலோடு திரும்பிவிடுவார்கள். "அட்டையா?" என்று கேட்டால் தலையாட்டிக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்கள்.